வாலைப் பார்த்து வினையடை சொல்லலாமா?



கொஞ்சம் நீளமான பதிவு இது. ஆங்கில இலக்கணம் என்றதும் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். வீட்டில் ஆறாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால், ஒரு டீ குடிக்கிற நேரம் ஒதுக்கிப் படியுங்கள். பிள்ளை பக்கத்தில் இருந்தால் சத்தமாகவே படியுங்கள்.

விஷயம் இதுதான். நம் பள்ளிகளில் அட்வெர்ப் என்கிற வினையடையை வாலைப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்லித் தருகிறார்கள். அந்தச் சொல் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கச் சொல்லித் தருவதில்லை. இதனால் பிள்ளைக்கு ஒரு மார்க் கிடைக்கிறது, மொழி கிடைப்பதில்லை. இதை மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு வேண்டிய சாமான் எல்லாம் பிள்ளையின் வாயிலேயே, அதன் தாய்மொழியிலேயே இருக்கிறது. இதுதான் என் கட்சி.

பெரிய பட்டம் எதுவும் என்னிடம் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். முப்பது வருஷத்துக்கு மேல் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியர் வேலை. இப்போது தென்னூரில் எங்கள் வீட்டு வராந்தாவில் சாயங்காலம் வந்து உட்காருகிற ஏழெட்டுப் பிள்ளைகள்தான் என் பள்ளிக்கூடம். அவர்களிடம் பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

*முதலில் இந்த வால் சமாச்சாரம்*

ஏழாவது படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு, "அட்வெர்ப்னா என்ன கண்ணு?" என்று கேளுங்கள். "கடைசியில எல், ஒய் வரும் டீச்சர்" என்று டக்கென்று பதில் வரும். இலக்கணக் கேள்வியைப் படிக்காமலே, எல்-ஒய் எங்கே இருக்கிறது என்று கண்ணை ஓட்டி, ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஸ்லோலி, குயிக்லி, ஹேப்பிலி என்று கேள்வித்தாளும் வாலுள்ளதாகவே தேடிக் கொடுக்கும்.

சரி, இந்த வாலை மட்டும் வைத்துக்கொண்டு வேட்டைக்குப் போவோம். ஃபேமிலி எல்-ஒய்யில் முடிகிறது. ஜூலை மாதமும் அப்படித்தான். சப்ளை, ரிப்ளை, அப்ளை எல்லாமே அப்படித்தான். ஈ என்கிற ஃப்ளைக்கும் அதே வால். இதெல்லாம் வினையடையா?

இன்னொரு வேடிக்கை. நம் ஊர் ஓட்டல் போர்டு பாதியில் இட்லியை ஐ, டி, எல், ஒய் என்றுதான் எழுதியிருப்பார்கள். வால் சட்டப்படி இட்லியும் வினையடை! இதில் பெரிய சிரிப்பு என்னவென்றால், அதே எழுத்துகளில் ஆங்கிலத்தில் நிஜமாகவே ஒரு வினையடை உண்டு. ஐடில் என்றால் சோம்பேறித்தனமான, சும்மா இருக்கிற. அதிலிருந்து ஐட்லி, அதாவது சும்மா, சோம்பலாக. ஆக, அந்தப் போர்டைப் பார்க்கிற வெள்ளைக்காரர் "சோம்பலாக, வடை, பொங்கல்" என்று படிப்பார். வராந்தாப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஆனால் அன்றோடு அவர்களுக்கு ஒன்று புரிந்துவிடுகிறது: வாலை மட்டும் நம்பக்கூடாது.

அடுத்து ஃப்ரெண்ட்லி, லவ்லி, லோன்லி, அக்லி, காஸ்ட்லி. எல்லாவற்றுக்கும் வால் இருக்கிறது, ஒன்றுகூட வினையடை இல்லை. எல்லாம் பெயரடை. நாமே "காஸ்ட்லியான புடவை" என்றுதானே சொல்கிறோம்? "ஆன" போட்டுப் பெயரோடு சேர்த்துவிட்டோமே! ஆங்கில இலக்கணம் தெரியாத நம் வாய்க்கு அது பெயரடை என்று தெரிந்திருக்கிறது.

இப்போது மறுபக்கம். பள்ளிக்கூடங்களுக்கு முன்னால் ரோட்டோரம் ஒரு பலகை பார்த்திருப்பீர்கள்: "ஸ்கூல் அஹெட், கோ ஸ்லோ." மொத்தம் நாலே வார்த்தை. அதில் இரண்டு வினையடை. அஹெட் என்பது எங்கே என்று சொல்கிறது. ஸ்லோ என்பது எப்படிப் போக வேண்டும் என்று சொல்கிறது. இரண்டுக்கும் வால் கிடையாது. வால் தேடுகிற பிள்ளை இந்தப் பலகையில் வினையடையே இல்லை என்று சொல்லிவிடும். ஃபாஸ்ட், வெல், சூன், வெரி, டூ, நவ், தென், ஹியர், தேர், நெவர், ஆல்வேஸ், ஆஃப்டன், எகெய்ன். ஒரு நாளில் வாய் நிறையப் புழங்குகிற வினையடைகள் இவை. ஒன்றுக்காவது வால் இருக்கிறதா பாருங்கள்.

*வேலையைப் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி?*

வினையடை என்ற பெயரிலேயே வழி இருக்கிறது. வினைக்கு அடை. வினையிடம் போய் நாலைந்து கேள்வி கேட்டால் போதும். எப்படி? எங்கே? எப்போது? எத்தனை தடவை? எவ்வளவு?

"ரவி நேற்று இங்கே வேகமாக ஓடினான்." ஓடினான் என்பது வினை. எப்படி ஓடினான்? வேகமாக. எங்கே? இங்கே. எப்போது? நேற்று. மூன்று விடையும் மூன்று வினையடை. இதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால் ஃபாஸ்ட், ஹியர், யெஸ்டர்டே. மூன்றுக்கும் வால் இல்லை, ஆனால் பிள்ளை மூன்றையும் பிடித்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெயரில் வினை இருந்தாலும், இந்தச் சொல் வினைக்கு மட்டும் வேலைக்காரன் இல்லை. "வெரி குட்" என்பதில் வெரி பெயரடைக்குத் துணை நிற்கிறது. "வெரி ஸ்லோலி" என்பதில் இன்னொரு வினையடைக்கே துணை நிற்கிறது. தமிழிலும் "ரொம்ப நல்லது", "ரொம்ப மெதுவாக" என்று ரொம்ப இரண்டு இடத்திலும் வருகிறதல்லவா? தமிழ்ப் பாடத்தில் நனி, தவ, சால என்று உரிச்சொற்கள் படிக்கிறார்களே, அவை மிகுதியைக் காட்டுகிற வேலைதான் செய்கின்றன. ஆங்கிலப் பீரியடில் வெரி வரும்போது நனியை ஞாபகப்படுத்தினால் இரண்டு பாடமும் ஒரே நாளில் முடியும். யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

இடம் காட்டுகிற சொற்களைப் பாருங்கள். தமிழில் இங்கே, அங்கே, எங்கே. இ, அ சுட்டு, எ வினா. ஆங்கிலத்தில் ஹியர், தேர், வேர். முதல் எழுத்து மாற மாற அருகில், தொலைவில், கேள்வி என்று மாறுகிறது. நம் சுட்டெழுத்துக் கணக்கு அப்படியே! கூடவே ஒரு ஸ்பெல்லிங் லாபமும் உண்டு. ஹியரின் நாலு எழுத்தையும் எழுதி, முன்னால் ஒரு டி சேர்த்தால் தேர். டபிள்யூ சேர்த்தால் வேர். மூன்று வார்த்தையின் ஸ்பெல்லிங்கும் பிள்ளைக்கு ஆயுசுக்கும் மறக்காது.

*உருவாக்குவது எப்படி? ஆன, ஆக என்ற ஏணி*

"அட்ஜெக்டிவோடு எல்-ஒய் சேர்த்தால் அட்வெர்ப்" என்று புத்தகம் சொல்கிறது. தப்பில்லை. ஆனால் நம் பிள்ளை எங்கிருந்து கிளம்புகிறது என்று புத்தகத்துக்குத் தெரியாது. அங்கேதான் சிக்கல்.

தமிழில் நாம் பெரும்பாலும் பெயர்ச்சொல்லிலிருந்து நேராக வினையடைக்கு ஒரே தாவலில் போகிறோம். கோபம், கோபமாக. அழகு, அழகாக. கவனம், கவனமாக. ஆங்கிலத்தில் பெரும்பாலும் நடுவில் ஒரு படி இருக்கிறது. ஆங்கர் என்ற பெயர், ஆங்ரி என்ற பெயரடை, அதற்குப் பிறகுதான் ஆங்ரிலி. தமிழில் ஒரே தாவலில் போய்ப் பழகிய பிள்ளை ஆங்கிலத்திலும் தாவுகிறது. "ஆங்கர்லி", "ப்யூட்டிலி" என்று எழுதுகிறது. சிவப்பு மையில் ஒரு சுழி விழுகிறது. அது மக்குத்தனம் இல்லை. தாய்மொழியின் வழியை அந்தப் பிள்ளை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது, அவ்வளவுதான். ஏன் தப்பு என்று சொல்லாமல் சுழித்துவிட்டால், நாளைக்கு அது எழுதுவதையே நிறுத்திவிடும்.

இதற்கு வழி, தமிழிலும் அந்த நடுப்படியைக் காட்டுவதுதான். கோபம், கோபமான, கோபமாக. ஆன வந்தால் பெயருக்கு முன்னால் நிற்கும்: கோபமான முகம். ஆக வந்தால் வினையைத் தேடும்: கோபமாகப் பேசினார். பக்கத்திலேயே ஆங்கிலத்தை எழுதுங்கள்.

அழகு, அழகான, அழகாக: ப்யூட்டி, ப்யூட்டிஃபுல், ப்யூட்டிஃபுல்லி.
கவனம், கவனமான, கவனமாக: கேர், கேர்ஃபுல், கேர்ஃபுல்லி.
ஆபத்து, ஆபத்தான, ஆபத்தாக: டேஞ்சர், டேஞ்சரஸ், டேஞ்சரஸ்லி.

பத்து வரிசை எழுதினால் பிள்ளை தானே கேட்கும்: "அப்போ ஆக மாதிரிதான் அந்த எல்-ஒய்யா டீச்சர்?" ஆமாம், ஏறத்தாழ அப்படித்தான். நம் ஆக என்பது ஆகு என்ற வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் எல்-ஒய் பழங்காலத்தில் உடல், வடிவம் என்று பொருள்பட்ட ஒரு சொல்லிலிருந்து வந்தது. லைக் என்ற சொல்லுக்கும் அதற்கும் உறவு. இரண்டுமே ஒரு காலத்தில் முழுச்சொல்லாக இருந்து தேய்ந்து வாலானவை. வாலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைக்கு அதன் மேல் ஒரு பிரியம் வரும்.

ஸ்பெல்லிங் விதிகளை இதற்குப் பிறகு சொன்னால் சுலபமாக ஏறும். ஹேப்பி, ஆங்ரி மாதிரி ஒய்யில் முடிந்தால் ஒய்யை ஐ ஆக்கிவிட்டு வாலை ஒட்டு. சிம்பிள், ஜென்டில் மாதிரி எல்-இ முடிவு இருந்தால் கடைசி இ போய் அங்கே ஒய் வரும்: சிம்ப்ளி, ஜென்ட்லி. நம் ஓட்டல் ஐட்லியும் இந்தக் கட்சிதான். கேர்ஃபுல்லில் ஏற்கெனவே ஓர் எல் இருக்கிறது, வாலில் இன்னொன்று வருகிறது, அதனால் கேர்ஃபுல்லியில் இரண்டு எல். பேசிக் மாதிரி ஐ-சி முடிவுக்கு நடுவில் ஏ-எல் சேர்த்து பேசிக்கலி. பப்ளிக் மட்டும் அடம்பிடித்து நேராக பப்ளிக்லி ஆகும். ட்ரூவில் இ விழுந்து ட்ரூலி. சின்சியரில் இ விழாது. இவ்வளவுதான், ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

வால் இல்லாமலும் வினையடை பிறக்கிறது, அதையும் காட்ட வேண்டும். ஹெட் என்ற பெயருக்கு முன்னால் ஏ சேர்த்தால் அஹெட். சைடுக்கு முன்னால் சேர்த்தால் அசைடு. பேக் என்பதோடு வார்டு சேர்த்தால் பேக்வார்டு. கிளாக் என்பதோடு வைஸ் சேர்த்தால் கிளாக்வைஸ், அதாவது கடிகாரம் சுற்றுகிற திசையில். எண்களிலிருந்து ஒன்ஸ், ட்வைஸ். டே, வீக் ஆகியவற்றிலிருந்து டெய்லி, வீக்லி; இவை பெயரடையாகவும் நிற்கும், வினையடையாகவும் நிற்கும். பெயரையே இரட்டித்து ஸ்டெப் பை ஸ்டெப். இதைச் சொல்லித் தர திருச்சிக்காரர்களுக்கு உதாரணம் தேட வேண்டுமா? மலைக்கோட்டையைக் காட்டிப் "படிப்படியாக" என்றால் போதும். தமிழும் ஆங்கிலமும் படியை இரட்டித்துத்தான் அந்தச் சொல்லைக் கட்டியிருக்கின்றன.

*ஏணியில் ஒரு பொய்ப்படி*

தமிழ் வழியாகப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் ஏமாற்ற மாட்டேன். ஒரு பள்ளம் இருக்கிறது. தெரிந்துகொண்டு தாண்ட வேண்டும்.

"பாட்டு நன்றாக இருக்கிறது." "அவள் அழகாக இருக்கிறாள்." இரண்டிலும் ஆக இருக்கிறது. ஏணியை நம்பின பிள்ளை "ஷி ஈஸ் ப்யூட்டிஃபுல்லி" என்று எழுதும். தப்பு. தமிழில் இரு என்ற வினையோடு ஆக வந்தால், ஆங்கிலத்தில் பெரும்பாலும் பெயரடைதான் வரும்: ஷி ஈஸ் ப்யூட்டிஃபுல். அவள் அழகாகப் பாடுகிறாள் என்றால் மட்டும் ப்யூட்டிஃபுல்லி. ஏனென்றால் முதல் வாக்கியம் அவள் எப்படிப்பட்டவள் என்று சொல்கிறது, இரண்டாவது அவள் செய்கிற வேலை எப்படி என்று சொல்கிறது. "அவர் டாக்டராக இருக்கிறார்", "எனக்காக வாங்கினார்" என்பவற்றில் வரும் ஆகவும் வேறு வேலை பார்க்கிறது.

"இருக்கிறது வந்தால் நின்று யோசி" என்று ஒரே வரி. வராந்தாவில் இதைப் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே போகிறார்கள். நாலு தடவை தடுமாறுகிறார்கள், ஐந்தாவது தடவை சரியாகச் சொல்கிறார்கள். இந்தப் பள்ளத்தைக் காட்ட ஆங்கிலம் மட்டும் தெரிந்த புத்தகத்தால் முடியாது. தமிழ் தெரிந்த ஆசிரியரால்தான் முடியும்.

*இது ஒரு மார்க் விஷயமா?*

"இவ்வளவு நுணுக்கம் எதுக்கு டீச்சர்? ஒரு மார்க்தானே?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

தில்லைநகர், தென்னூர் பக்கம் எத்தனை மருத்துவமனை, எத்தனை மருந்துக்கடை! சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வருகிற வயசானவர்கள் மருந்துப் பையை வீட்டுக்குக் கொண்டுபோய், ஏழாவது படிக்கிற பேத்தியிடம் கொடுத்து, "என்ன போட்டிருக்கு பாரு சாமி" என்கிறார்கள். இருமல் மருந்து பாட்டிலில் "ஷேக் வெல் பிஃபோர் யூஸ்" என்று இருக்கும். வெல் என்றால் கிணறு என்று மட்டும் படித்த பிள்ளை என்ன சொல்லும்? இங்கே வெல் வினையடை, நன்றாகக் குலுக்கு. "ட்வைஸ் டெய்லி" என்று இருக்கும். ட்வைஸ் எத்தனை தடவை என்று சொல்கிறது, டெய்லி எப்போது என்று சொல்கிறது. இரண்டும் வினையடை. மருந்து என்ன மருந்து என்பதைப் பெயர்ச்சொல் சொல்லும். எப்படி, எப்போது, எத்தனை வேளை என்பதை வினையடைதான் சொல்லும். குடும்பத்தில் முதன்முதலாக ஆங்கிலம் படிக்கிற பிள்ளைதான் அந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர். அந்தப் பிள்ளைக்கு வினையடை புரிவதும் புரியாததும் பாட்டியின் உடம்பைப் பொறுத்த விஷயம்.

இன்னொன்று. "ஹார்டு" என்றால் கடினமான. எல்-ஒய் சேர்த்தால் வினையடை என்று மனப்பாடம் செய்தவர், "மூன்று வருஷம் கடினமாக உழைத்தேன்" என்பதை விண்ணப்பத்தில் "வொர்க்டு ஹார்ட்லி" என்று எழுதுவார். ஹார்ட்லி என்றால் ஏறக்குறைய இல்லவே இல்லை. அதாவது "மூன்று வருஷம் வேலையே பார்க்கவில்லை" என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார்! லேட் என்றால் தாமதமாக. லேட்லி என்றால் சமீபகாலமாக. நியர் என்றால் அருகில். நியர்லி என்றால் கிட்டத்தட்ட. வால் ஒட்டியதும் பொருளே மாறிவிடுகிறது. டிப்ளமோ முடித்த எத்தனையோ பிள்ளைகள் நன்றாக வேலை தெரிந்தும் ஒரு கடிதத்தில் சறுக்குகிறார்கள். அவர்களுக்கு உழைக்கத் தெரியும். அதைச் சொல்கிற ஒரு சொல்லைத்தான் யாரும் சரியாகக் கொடுக்கவில்லை.

லீவ் லெட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். "கைண்ட்லி" என்று ஆரம்பித்து "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" என்று முடிக்காத தமிழ்நாட்டுப் பிள்ளை உண்டா? இரண்டும் அசல் வினையடை. ஒபீடியன்ட்லி என்றால் பணிவாக என்று தெரிந்து எழுதுகிற பிள்ளை எத்தனை? வருஷம் பூராவும் கையால் எழுதுகிற சொல்லை இலக்கண வகுப்பில் உதாரணமாகக் காட்டாமல், பார்த்தே அறியாத சிங்கம் எப்படி கர்ஜித்தது என்று கேட்பது என்ன நியாயம்?

*தமிழைக் கொண்டுவந்தால் ஆங்கிலம் கெடுமா?*

இதுதான் எனக்கு வருகிற பெரிய ஆட்சேபம். "இங்கிலீஷ் கிளாஸ்ல தமிழ் பேசினா எப்படி டீச்சர் இங்கிலீஷ் வரும்?"

நம் திருச்சிக்குப் பக்கத்து ஊர்க் கதை ஒன்று. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தவர். தமிழ் கற்க வரும் பாதிரியார்களுக்காகப் பேச்சுத் தமிழுக்கு 1728-ல் ஓர் இலக்கணம் எழுதினார். எந்த மொழியில்? அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த லத்தீனில். 1738-ல் அது தரங்கம்பாடியில் அச்சானது. பின்னால் ஜி.யு. போப் ஆங்கிலேயர்களுக்குத் தமிழ் கற்பிக்க எழுதிய கையேடும் ஆங்கிலத்தில்தான். வெள்ளைக்காரர்கள் தமிழைத் தங்களுக்குத் தெரிந்த மொழி வழியாகப் படித்தால் அது புத்திசாலித்தனம். நம் பிள்ளை ஆங்கிலத்தைத் தமிழ் வழியாகப் படித்தால் மட்டும் அது எப்படிக் குறையாகும்?

பேராசிரியர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை முதலான ஊர்களின் பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார். இலக்கணத்தை வரிசையாக ஒப்பிக்க வைக்காமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் மாதிரி எதையாவது கொடுத்து, அதில் விடை கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பொருளில் மனசு போனால் வடிவம் பின்னால் வரும் என்பது அதன் அடிப்படை. 1987-ல் அவர் எழுதிய புத்தகம் உலகம் முழுக்க மொழி கற்பிப்பவர்கள் படிக்கிற புத்தகம். நம் பக்கத்து வகுப்பறைகளில் பிறந்த யோசனை உலகத்துக்குப் போய்விட்டது, நம் கேள்வித்தாளுக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

1968-ல் நம் மாநிலம் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று முடிவு செய்தது. இரண்டு மொழி போதும் என்றால், அந்த இரண்டும் ஒன்றோடொன்று பேச வேண்டாமா? அடுத்தடுத்த பீரியடில் உட்கார்ந்துகொண்டு முகம் பார்க்காமல் இருந்தால் எப்படி?

இன்னோர் ஆட்சேபமும் உண்டு. மெல்லக் கற்கும் பிள்ளைக்கு அந்த எல்-ஒய் வால் ஒன்றாவது பிடிமானம், அதையும் பிடுங்காதீர்கள் என்பார்கள். ஆசிரியர்கள் அக்கறையில் சொல்வது இது, நான் தட்டிக்கழிக்க மாட்டேன். வாலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வரிசையை மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன். முதலில் கேள்வி, பிறகு தமிழ் ஏணி, கடைசியில் வால். மெல்லக் கற்கும் பிள்ளைக்குத்தான் இது அதிகம் உதவும். அதற்கு ஆங்கிலம் வராமல் இருக்கலாம், "எப்படி ஓடினான்?" என்ற கேள்விக்கு "மடமடன்னு ஓடினான்", "விறுவிறுன்னு ஓடினான்" என்று சொல்லத் தெரியாத தமிழ்ப் பிள்ளை கிடையாது. இரட்டைக்கிளவி வைத்துப் பேசுகிற பிள்ளைக்கு வினையடை தெரியாது என்று யார் சொன்னது?

*யார் என்ன செய்யலாம்?*

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களே, உங்களுக்குத்தான் வசதி அதிகம். தமிழும் ஆங்கிலமும் ஒரே ஆள்தான் எடுக்கிறீர்கள். காலையில் தமிழில் சொன்ன மெதுவாக, வேகமாக என்பதை மத்தியானம் ஆங்கிலத்தில் எடுங்கள். செலவு ஒரு சாக்பீஸ்.

உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் வேறு வேறு ஆள். ஓய்வறையில் ஒரு பத்து நிமிஷம் பேசிக்கொள்ளுங்கள். ஐயா உரிச்சொல் நடத்துகிற வாரத்தில் நீங்கள் வெரி, டூ, கொய்ட் நடத்துங்கள்.

கேள்வித்தாள் தயாரிப்பவர்களிடம் ஒரே வேண்டுகோள். வினையடைக் கேள்வியில் வால் இல்லாத வினையடை ஒன்றும், வால் இருந்தும் வினையடை அல்லாத சொல் ஒன்றும் கட்டாயம் வையுங்கள். "த ஃப்ரெண்ட்லி கண்டக்டர் ஸ்போக் வெல்" என்று ஒரு வாக்கியம் போதும். ஃப்ரெண்ட்லிக்குக் கோடு போட்ட பிள்ளை யார், வெல்லுக்குக் கோடு போட்ட பிள்ளை யார் என்று அந்த ஒரு மார்க்கில் தெரிந்துவிடும். கேள்வித்தாள் மாறினால் வகுப்பறை தானாக மாறும். நம் ஊர் நடைமுறை அதுதான்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் பரவாயில்லை. மருந்து அட்டை, பிஸ்கட் உறை, ரோட்டுப் பலகை, பஸ்ஸில் ஒட்டியிருக்கிற வாசகம் எதையாவது காட்டி, "இதில் எப்படின்னு சொல்ற வார்த்தை எது? எப்போன்னு சொல்ற வார்த்தை எது?" என்று கேளுங்கள். கேள்வியைத் தமிழிலேயே கேளுங்கள். சரியா தப்பா என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை வினையைத் தேட ஆரம்பித்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இன்று ராத்திரியே ஒன்று செய்து பாருங்கள். வீட்டில் இருக்கிற மருந்து பாட்டில் ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்து, அதில் இருக்கிற வினையடைகளைத் தேடச் சொல்லுங்கள். எத்தனை கிடைத்தது, எது கிடைத்தது என்று கீழே எழுதுங்கள். ஆசிரியர்கள் யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். நாளை சாயங்காலம் வராந்தாவில் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
தென்னூரிலிருந்து உங்கள் டீச்சர்